பத்தாவது ஆளின் நிழல்

அளத்துறைப் பட்டினத்தில் உப்பளத்தை ஒட்டிப் போகிற சாலை கடலுக்குத் திரும்புகிற இடத்தில் யூதத் தெரு இருந்தது, தெருவுக்கு ஒரு ஜெப ஆலயம் இருந்தது, ஜெப ஆலயத்தில் வெள்ளிப் பூண் போட்ட பெட்டியும் பெட்டிக்குள் தோரா என்கிற வேதச் சுருளும் இருந்தன, ஆனால் பெட்டியைத் திறக்கப் பத்து ஆண்கள் இல்லை. பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் சுருளை வெளியே எடுக்கலாம், பத்துப் பேர் கூடினால்தான் செத்தவர்களுக்கான கதீஷ் ஜெபத்தைச் சொல்லலாம் என்பது அவர்களுடைய சட்டம். கடலுக்கு அப்பால் புதிதாக உண்டான தங்கள் நாட்டுக்கு ஒருவர் கப்பலேறிப் போனதிலிருந்து தெருவில் ஒன்பது பேர்தான். அந்த ஒன்பது பேரும் விடிகாலையில் வந்து, கைகால் கழுவி, சால்வையைப் போர்த்தி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தனித்தனியாக முணுமுணுத்துவிட்டு, சாப்பாடு போடாத கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவர்களைப் போல எழுந்து போனார்கள்.

அதனால் கயிற்றுக்கடை மெனாஹேமின் மகன் எலியாசருக்குப் பதின்மூன்று வயது ஆவதற்காகத் தெருவே காத்திருந்தது. அவன் பால் வாங்கப் போனால் பெண்கள் கன்னத்தைத் தொட்டு, "சீக்கிரம் ஆளாகுலே" என்றார்கள். ஜெபத்தை முன்நின்று நடத்துகிற பெசலேல் மூப்பர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பதின்மூன்று நிறைகிற ஓய்வுநாளில் அவன் சுருளிலிருந்து வாசிக்க வேண்டிய பகுதியை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவனுடைய இரட்டைச் சகோதரி சிப்போரா அடுக்களை வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டே அந்தப் பகுதியை அவனுக்கு முன்னால் மனப்பாடம் செய்துவிட்டாள். அவன் தடுமாறுகிற இடத்தில் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டுவாள், அவன் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்வான். அவள் உதட்டை வேறு யாரும் பார்க்கவில்லை. அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

எலியாசருக்கு மனசெல்லாம் தண்ணீரில் இருந்தது.

"பத்தாவது ஆளா ஆயிட்டேன்னா அப்புறம் சாகுற வரைக்கும் காலையில கடலுக்குப் போக முடியாது, தெரியுமாட்டி?" என்றான் ஒருநாள்.

"மத்தியானம் போயேன்" என்றாள் சிப்போரா.

"மத்தியானம் கடல் வேற."

அந்த நாளுக்குச் சில நாட்களே இருந்தபோது அவன் விடியற்காலையில் கழிமுகத்துக்கு நீந்தப் போனான். வற்றத்தில் கடலுக்கு வடிகிற தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு போய், பொழுது ஏறியதும் திரும்பக் கொண்டுவந்து உப்பளத்து மதகில் விட்டது. இமையிலும் உதட்டிலும் உப்புப் பூத்திருந்தது. அன்றைக்கே அடக்கம் செய்தார்கள். ஒன்பது ஆண்கள் குழியைச் சுற்றி நின்றார்கள், பத்தாவது ஆளாக வேண்டியவன் குழிக்குள் கிடந்தான், ஆகவே கதீஷ் சொல்ல முடியவில்லை. அம்மா ராகேல் மண்ணைக் கையால் வாரித் தள்ளிக்கொண்டே, "சொல்லாம மூடாதீய, சொல்லாம மூடாதீய" என்று கத்தினாள். வேறு வழியில்லாமல் மூடினார்கள்.

அவன் வாசித்திருக்க வேண்டிய ஓய்வுநாள் வந்தது. ஒன்பது பேரும் பழக்கம் மாறாமல் வந்தார்கள். சிப்போரா அம்மாவோடு மாடியில் பெண்கள் உட்காருகிற இடத்தில், மரக்கிராதிக்குப் பின்னால் நின்றாள். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அவள் முதுகில் பட்டது, அவள் நிழல் கிராதியைத் தாண்டிக் கீழே ஆண்கள் நிற்கிற தரையில் போய் விழுந்தது. அது பாவாடையும் சடையும் உள்ள நிழலாக இல்லை. குல்லா வைத்து, முழங்கால்வரை சால்வை தொங்க, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கிற பையனுடைய நிழலாக இருந்தது. எலியாசர் எப்போதும் இடது தோளைத் தாழ்த்தித்தான் நிற்பான்.

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆட்களை எண்ணைச் சொல்லி எண்ணக்கூடாது என்பதால், பத்துச் சொற்கள் உள்ள ஒரு வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லி எண்ணுவது அவர் வழக்கம். ஒன்பது சொற்களை ஒன்பது தலைகள் மேல் வைத்தார். பத்தாவது சொல்லை நிழலின் மேல் வைத்தார்.

"பெட்டியைத் திறங்க" என்றார்.

திறந்தார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சுருள் வெளியே வந்தது. வாசித்து முடித்ததும் மெனாஹேம் முன்னால் வந்து, "மூப்பரே, இப்போ பத்துப் பேர் ஆச்சே. என் மகனுக்கு கதீஷ் சொல்லிடுதேன்" என்றார்.

மூப்பர் தாடியைத் தடவினார். "மெனாஹேம், எண்ணிக்கையில நிக்கவனை எப்படிச் செத்தவன்னு சொல்லது? அவன் செத்தவன்னா நாம இப்போ ஒம்பது பேரு. ஒம்பது பேருக்குச் சுருளைத் திறந்த பாவம் யாரைச் சேரும்?"

மெனாஹேம் மகனுடைய நிழலைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். இப்படித்தான் எலியாசருக்கான துக்கம் நிறுத்தப்பட்டது. ஓய்வுநாள் முடிந்து பொழுது சாய்ந்ததும், துக்கத்துக்காக வீட்டில் நிலைக்கண்ணாடியை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று கொத்தனிடம் சொல்லி அனுப்பினார்கள். ராகேல் அடுக்களைக்குள் போய், அடக்கம் ஆன பிறகு முதல் தடவையாக அடுப்பு மூட்டினாள். சிப்போராவுக்கு அழுகை தொண்டைவரை வந்து நின்றது. இனி அழுவது தெருவுக்கே துரோகம் என்பதுபோல எல்லோரும் அவளைப் பார்த்ததால் அது அங்கேயே நின்றுகொண்டது.

ஊர் இதைப் பழகிக்கொள்ள வெகுநாள் ஆகவில்லை. மீன்கூடைக்காரிகள் சிப்போரா எதிரே வந்தால் நிழலை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து பெரியவர்கள் வந்து பார்த்து, "ஆண்டவன் நாடுனா எதுவும் நடக்கும்" என்று சொல்லிவிட்டு, கயிறு விலை கேட்டுப் போனார்கள். தையற்காரர் நிழலைத் தரையில் சுண்ணாம்பால் வரைந்து அளவெடுத்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார், ராகேல் அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சாப்பாட்டு வேளையில் சிப்போராவை முற்றத்து வெயிலில் நிற்கச் சொல்லி, நிழலுடைய தலை விழுகிற இடத்தில் ஒரு தட்டு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ ராசா" என்பாள். "ஏட்டி, அசையாம நில்லு, பிள்ளை சாப்பிடுதான்லா" என்பாள். அந்த வருஷங்களில் அம்மா மகளிடம் பேசியதெல்லாம் அநேகமாக அவ்வளவுதான்.

காலை ஜெபத்துக்கு நிற்க வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடம் நின்றது. மழைக்காலத்தில் வெயில் வராததால் அவள் முதுகுக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்தார்கள். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது, ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே ஏற்றி எரியவிட்டார்கள், அது எரிகிறவரை அவள் நின்றாள். அவள் வயதுக்கு வந்தபோது, விலக்கான நாட்களில் ஆலயத்துக்குள் பெண்கள் வருவது அந்தத் தெருவில் வழக்கமில்லையே, என்ன செய்வது என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்சுவரில் ஒரு ஜன்னல் திறந்து, வெளியே ஒரு மேடை கட்டி, அந்த நாட்களில் அவளை மேடையில் நிறுத்தினார்கள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே நிற்பாள், நிழல் ஜன்னல் வழியாகச் சுத்தமாக உள்ளே போகும்.

நிழல் அவளைவிட வேகமாக வளர்ந்தது. அதற்குத் தோள் அகன்றது, தாடி வந்தது. தெருவில் ஆண்கள் அவள் காலடியைப் பார்த்து, "வா எலியாசர்" என்றார்கள். சிப்போராவுக்கும் வளர்த்தி இருந்தது, அதை ஆற்றுத்தண்ணீரில் குளிக்கும்போது அவள் மட்டும் பார்த்துக்கொண்டாள். கிராதிக்குப் பின்னால் நின்று நின்று அவளுக்கு எல்லா ஜெபமும் தெரிந்துவிட்டது. மூப்பருக்கு வயதாகிச் சில இடங்களில் வரி விட்டுப்போனது, அவள் உதட்டுக்குள் அதைச் சொல்லி நிரப்பினாள். அப்படிச் சொல்லும்போது மட்டும் தனக்கு உள்ளே ஒரு ஆள் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றும். அந்த ஆள் எலியாசர் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பதினேழாவது வயதில் கொச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுடைய தாய் நல்லவள். சிப்போராவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்க ஊர்ல கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பொம்பளைங்க கூடிச் சத்தமாப் பாடுவோம், உனக்குப் பாட வருமா?" என்று கேட்டாள்.

"பாடினதில்ல" என்றாள் சிப்போரா. "பாடுனா வரும்னு நினைக்கேன்."

பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான், அவளும் சிரித்தாள். பிறகு ராகேல் விளக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சுவரில் பையனுடைய நிழலுக்குப் பக்கத்தில் தாடிவைத்த ஆணின் நிழல் எழும்பி நின்றது. பையன் அதைப் பார்த்தான், சிப்போராவைப் பார்த்தான், எழுந்து வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அவர்கள் போன பிறகு மூப்பர் மெனாஹேமைத் தேற்றினார். "நல்லதுக்குத்தான். அவ கொச்சிக்குப் போயிட்டா நாம ஒம்பது பேர்தானப்பா."

அடுத்து, ஒன்பது பேரில் ஒருவரான நத்தானின் குடும்பம் கடலுக்கு அப்பாலுள்ள அந்த நாட்டுக்குப் புறப்பட்டது. எட்டு ஆண்களும் ஒரு நிழலும் மிச்சம் என்று தெரு கவலைப்பட்டது. அன்று சாயங்காலம், நத்தான் வீட்டைக் காலிசெய்து கொடுத்துப்போன விளக்கு, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆலய மாடியில் இன்னொரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. சிப்போராவின் காலடியிலிருந்து இரண்டு நிழல்கள் கீழே இறங்கின. இரண்டுக்கும் இடது தோள் தாழ்ந்திருந்தது. மூப்பர் வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு தெரு காலியாவதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. ஜெபம் நின்றுபோகுமே என்ற பயம்தான் அதுவரை பலரைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு வீடும் புறப்படும்போது ஒரு விளக்கைக் கொண்டுவந்து சிப்போராவின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அவள் நெற்றியில் முத்தமிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனது. பகலிலும் கதவு ஜன்னல்களைச் சாத்தி விளக்குகளை ஏற்றினார்கள். கடைசியாகப் போன வீட்டுக்காரி நகோமியின் கையைச் சிப்போரா பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"உன்னையா?" நகோமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "நீ வந்துட்டா இங்க யாரும் இருக்கமாட்டாங்களேம்மா" என்றாள், கட்டிய மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு.

முடிவில் தெருவில் இரண்டு ஆண்கள் மிஞ்சினார்கள், பெசலேல் மூப்பரும் மெனாஹேமும். மாடியில் எட்டு விளக்குகள். அந்தச் சூட்டில் சிப்போராவின் ரவிக்கை முதுகுப்பக்கம் பழுப்பாகி இற்றுப்போகும், பிடரி மயிர் பொசுங்கும், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வாள், அது ஜெபம் முடிவதற்குள் காய்ந்துவிடும். இருமல் வந்தால் எட்டு நிழல்களும் சேர்ந்து குலுங்கும். கீழே மூப்பர் நிமிர்ந்து பார்த்து, "சபை அமைதியா இருக்கட்டும்" என்பார்.

ஒருநாள் காலையில் மூப்பர் வரவில்லை. மெனாஹேம் போய்ப் பார்த்தபோது சால்வையைப் போர்த்தியபடி நாற்காலியில் இறந்திருந்தார். மதியத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும். உப்பளத்துக்காரர்களும் பள்ளிவாசல் தெருக்காரர்களும் பாடையைத் தூக்கிக்கொண்டார்கள், ராகேலும் சிப்போராவும் பின்னால் நடந்தார்கள். கல்லறைத் தோட்டம் உப்பளத்துக்கு அப்பால் வெட்டவெளியில் இருந்தது. மண்ணைத் தள்ளி முடித்ததும் மெனாஹேம் சங்கீதம் ஒன்றைச் சொன்னார், பிறகு நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். வெயிலில் எட்டு விளக்கையும் வைத்தாலும் பிரயோசனமில்லை. சூரியன் ஒரு நிழலைத்தான் தரும்.

"நான் ஒருத்தன், இவன் ஒருத்தன்" என்றார். "ரெண்டு பேரு. கதீஷ் சொல்ல முடியாது. வாங்க போவோம்."

"நான் சொல்லுதேன்" என்றாள் சிப்போரா.

"பொம்பளப் பிள்ளை சொல்லக்கூடாது."

"அப்போ அவருக்கு யாருப்பா சொல்லுவா?"

பாடை தூக்கி வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிப்போரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள். கிராதிக்குப் பின்னால் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் சொன்ன சொற்கள் சத்தத்தோடு வெளியே வந்தன. முதலில் புகை அடைத்த குரலாக இருந்தது. பிறகு அடைப்பு விட்டது. அது ஆண் குரலும் இல்லை, அவள் எதிர்பார்த்த மெல்லிய குரலும் இல்லை, தாழ்ந்து, அகன்று, உப்பளம் முழுக்கக் கேட்கிற குரல். தன்னை இவ்வளவு காலம் நிற்கவைத்த மனிதருக்காக ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தாள். யாரும் தடுக்கவில்லை. உடனே அவள் திரும்பி, புல் மூடிக் கல்லில்லாமல் கிடந்த ஒரு மேட்டுக்கு நடந்தாள்.

ராகேல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "அங்க போகாத ஏட்டி! அது வெறுங்குழி. பிள்ளை இங்க நிக்கான் பாரு, உன் கூடவே நிக்கான்."

"அம்மா, அவன் செத்துட்டான்."

"சொல்லாத!"

"கழிமுகத்துல முங்கிச் செத்துட்டான்மா. அவனுக்கு இதுல இஷ்டமே இல்ல. எனக்கும் இல்ல."

ராகேல் கையை ஓங்கி அடித்தாள். சிப்போரா அடியை வாங்கிக்கொண்டு, "எலியாசர், மெனாஹேமின் மகன்" என்று பெயரைச் சொல்லி, மறுபடி தொடங்கினாள். தொண்டையில் நின்றிருந்த அழுகை ஜெபத்தோடு சேர்ந்து வந்தது, அவள் இரண்டையும் பிரிக்கவில்லை. மேட்டின் மேல் கிடந்த நிழல் பாதி ஜெபத்தில் அசைந்தது. அதன் தாடி உதிர்ந்தது. தோள் ஒடுங்கியது. பன்னிரண்டு வயதுப் பையனாகிக் குல்லாவைக் கழற்றியது, சால்வையைப் புல்லில் நழுவவிட்டது. கடைசிச் சொல் முடிந்தபோது, கட்டு அவிழ்த்த தோணிபோல அவள் காலைவிட்டு விலகி, வெள்ளையாகப் பாளம் பாளமாகக் கிடந்த உப்புப் பாத்திகளின் குறுக்கே கழிமுகத்தைப் பார்த்து ஓடியது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வாருபலகையைத் தூக்கி வழிவிட்டார்கள். "பாத்துப் போலே, வழுக்கும்" என்றார் ஒருவர்.

மெனாஹேம் அது தண்ணீருக்குள் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மகன் செத்த அன்று துக்க வழக்கப்படி செய்ய வேண்டியிருந்தும் செய்யாமல் விட்டதை இப்போது செய்தார், தன் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தார். மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமென்" என்றார். ராகேல் சொல்லவில்லை. அவள் பாத்திகளின் வரப்பில் விழுந்தடித்துக் கழிமுகம்வரை போய், இருட்டுகிற நேரத்தில் இடுப்புக்குக் கீழே நனைந்து திரும்பி வந்தாள்.

அதன் பிறகு ராகேல் மகளோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மெனாஹேம் மகனுக்குக் கல் நட்டார். ஆலயத்தைப் பூட்டினார். கொச்சியில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பிக்கு ஆள் அனுப்பி, "பிள்ளை வந்து கொஞ்ச நாள் உங்க கூட இருக்கட்டும், நல்லாப் பாடுவா" என்று சொல்லவைத்தார். பொம்பளப் பிள்ளை சொல்லக்கூடாது என்ற அதே வாயால் அப்படிச் சொன்னதற்காக அன்றெல்லாம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

புறப்படுகிற நாளில் காலை வெயில் கடுமையாக இருந்தது. மெனாஹேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அடக்கத்துக்குப் பிறகு வெயிலில் இறங்கியிராத சிப்போரா தெருமுனைக்கு வந்தபோதுதான் கவனித்தாள், புளியமரத்துக்கு நிழல் இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, பெட்டிக்கு இருந்தது. அவள் காலடியில் வெறும் மண். எலியாசர் போனதும் தன்னுடையது திரும்ப வரும் என்று அவள் நினைத்திருந்தாள். எத்தனை வருஷம் தரையில் விழாமல் இருந்தால் ஒரு நிழல் போயே போய்விடும் என்று யாருக்குத் தெரியும்? பஸ் நிறுத்தத்தில் நின்ற வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் அவள் காலைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று நினைத்த அம்மா வேர்க்க வேர்க்க வந்துகொண்டிருந்தாள். கையில் அப்பாவுடைய பெரிய கறுப்புக் குடை. வந்தவள் யாரையும் பார்க்காமல் குடையை விரித்து மகளுக்கு மேலே பிடித்தாள். தரையில் வட்டமாக ஒரு கறுப்பு விழுந்து சிப்போராவின் கால்களை மூடியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"வெயிலு ஏறுது" என்றாள் ராகேல். "குடையை விட்டு வெளிய வராத."

பஸ் வந்து நின்றது. சிப்போரா ஏறி உட்கார்ந்ததும் ராகேல் குடையை மடக்கி ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு மகள் முகத்தை, எங்கேயோ பார்த்த முகத்தைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பஸ் நகர்ந்தது. மெனாஹேம் அவளைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது, அவள் கம்பியை விடவில்லை.